கல்யாணம் முதலிலா, விசா முதலிலா? அமெரிக்காவில் காதலர், கோவையில் காதலி... எந்த வழி சரி? - முழு விவரம்

கோவையில் வேலை பார்க்கும் ஒரு பெண். அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர். இரண்டு வருடப் பழக்கம். இங்கே இரவுச் சாப்பாடு முடியும் நேரத்தில் அங்கே காலை காபி, நடுவில் வீடியோ கால். இரண்டு வீட்டிலும் சம்மதம் கிடைத்தாயிற்று. இனி வீட்டில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: "இங்கேயே கல்யாணத்தை முடித்துவிட்டுப் போவதா, அங்கே போய் முடிப்பதா?"

மண்டபம் கிடைக்குமா, முகூர்த்தம் எப்போது என்று மட்டும் பார்த்து எடுக்கக்கூடிய முடிவு அல்ல இது. கல்யாணம் எங்கே, எப்போது நடக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த விசா, எவ்வளவு செலவு, போய் இறங்கியதும் வேலைக்குப் போகலாமா என்பதெல்லாம் முடிவாகும். வரிசை மாறிவிட்டால், மாதக்கணக்கில் காத்திருந்த விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.

அங்கே இருப்பவர் குடிமகனா, கிரீன் கார்டா, எச்-1பியா?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 'அமெரிக்க மாப்பிள்ளை' என்று பொதுவாகச் சொன்னாலும், சட்டத்தின் பார்வையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு.

* அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்: வருங்கால மனைவி அல்லது கணவருக்காகவும் விண்ணப்பிக்கலாம், கல்யாணம் முடிந்த பிறகும் விண்ணப்பிக்கலாம். வாழ்க்கைத் துணைக்கான குடியேற்ற விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பும் இல்லை.

* கிரீன் கார்டு வைத்திருப்பவர்: கல்யாணம் ஆன பிறகு மட்டுமே விண்ணப்பிக்க முடியும். அது 'எஃப்2ஏ' என்ற பிரிவில் வரும். இதற்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு என்பதால் வரிசையில் காத்திருக்க வேண்டும். அந்த வரிசை எங்கே நிற்கிறது என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் 'விசா புல்லட்டின்' சொல்லும்.

* எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர்: கல்யாணம் முடிந்ததும் துணைக்கு எச்-4 விசா கேட்கலாம். ஆனால் எச்-4 கிடைத்தாலே வேலை பார்க்கலாம் என்று அர்த்தம் இல்லை. கணவர் அல்லது மனைவியின் கிரீன் கார்டு முயற்சி குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் வேலை அனுமதி கேட்க முடியும்.

* எஃப்-1 மாணவர்: துணைக்கு எஃப்-2 விசா. இதில் வேலை பார்க்கவே முடியாது.

கோவை - டெக்சாஸ் ஜோடியில் மாப்பிள்ளை குடிமகன். எனவே அவர்களுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன.

வழி 1: கே-1, அதாவது நிச்சயம் செய்தவருக்கான விசா

அமெரிக்கா போய் அங்கே கல்யாணம் செய்வதற்கான விசா இது. குடிமகனாக இருப்பவர் 'ஐ-129எஃப்' என்ற படிவத்தை அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்ற சேவைகள் துறையிடம் தாக்கல் செய்வார். அது ஏற்கப்பட்டால் இந்தியாவில் நேர்காணல்.

முக்கிய நிபந்தனைகள் மூன்று.

ஒன்று, இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருக்க வேண்டும். 'கேஸ் நடந்துகொண்டிருக்கிறது' என்பது செல்லாது.

இரண்டு, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் இருவரும் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். ஆயிரம் முறை வீடியோ காலில் பேசியிருந்தாலும் அது சந்திப்பு ஆகாது. இந்தியாவில்தான் சந்திக்க வேண்டும் என்றில்லை, மூன்றாவது நாடு ஒன்றில் சந்தித்தாலும் போதும். விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, ஓட்டல் ரசீது, போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பெரும் கஷ்டம், நெடுங்கால வழக்கம் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது எளிதில் கிடைக்காது.

மூன்று, அமெரிக்காவில் இறங்கிய 90 நாட்களுக்குள், விண்ணப்பித்த அதே நபரைக் கல்யாணம் செய்ய வேண்டும். இந்த 90 நாளை நீட்டிக்க முடியாது. கல்யாணம் நடக்கவில்லை என்றால் திரும்பி வந்தாக வேண்டும். அங்கேயே வேறொருவரைக் கல்யாணம் செய்து தங்கிவிடலாம் என்பதும் நடக்காது.

கல்யாணம் முடிந்ததும் கதை முடிந்துவிடாது. கிரீன் கார்டுக்குத் தனியாக 'ஐ-485' படிவம் போட வேண்டும். வேலை அனுமதி வரும்வரை வேலைக்குப் போக முடியாது. முன் அனுமதி வாங்காமல் இடையில் ஊருக்கு வந்தால், போட்ட விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட உடனே விமானம் ஏற முடியாத சில மாதங்கள் இவை. பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான்.

வழி 2: சி.ஆர்-1, அதாவது கல்யாணம் முடித்தவருக்கான விசா

இதில் முதலில் கல்யாணம். பிறகு குடிமகனாக இருப்பவர் 'ஐ-130' படிவம் போடுவார். அது ஏற்கப்பட்டதும் ஆவணங்கள் தேசிய விசா மையத்துக்குப் போகும். அடுத்து மருத்துவப் பரிசோதனை, நேர்காணல்.

இந்த விசாவுடன் அமெரிக்காவில் இறங்கும் அன்றே அவர் நிரந்தரக் குடியிருப்பாளர். மறுநாளே வேலைக்குப் போகலாம், ஊருக்கும் வந்து போகலாம்.

இறங்கும் நாளில் திருமணமாகி 2 ஆண்டுகள் ஆகியிருக்கவில்லை என்றால் 2 ஆண்டுக்கான நிபந்தனை கிரீன் கார்டு கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் 'ஐ-751' படிவம் போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். 2 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் அது ஐ.ஆர்-1. நேரடியாக 10 ஆண்டு கார்டு.

செலவு எவ்வளவு?

2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண உயர்வின்படி, கே-1 வழியில் முதல் மனுவுக்கு 675 டாலர், விசா கட்டணம் 265 டாலர், பிறகு கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு 1,440 டாலர். மொத்தம் 2,380 டாலர். வேலை அனுமதிக்குத் தனிக் கட்டணம்.

சி.ஆர்-1 வழியில் மனுவுக்கு 675 டாலர் (ஆன்லைனில் போட்டால் 625), விசா கட்டணம் 325, வருமான ஆவணப் பரிசீலனைக்கு 120, குடியேற்றக் கட்டணம் 235. மொத்தம் 1,355 டாலர். மருத்துவப் பரிசோதனைச் செலவு இரண்டிலும் தனி. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் அன்று அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

ஆக, சி.ஆர்-1 செலவு குறைவு, வேலைக்கும் தடையில்லை. முன்பெல்லாம் 'கே-1 சீக்கிரம் கிடைக்கும்' என்பதே பலர் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். இப்போது இரண்டுமே ஒரு வருடமோ அதற்கு மேலோ இழுக்கலாம் என்ற கணக்கில்தான் திட்டமிட வேண்டும்.

வருமானம் காட்ட வேண்டுமா?

கட்டாயம். கே-1 விசாவுக்கு அமெரிக்க வறுமைக் கோட்டு அளவில் 100 சதவீத வருமானம், கிரீன் கார்டு கட்டத்தில் 125 சதவீதம் காட்ட வேண்டும். அங்கே இருப்பவரின் வருமானம் போதவில்லை என்றால் உறவினரோ நண்பரோ கிரீன் கார்டு கட்டத்தில் கூட்டுப் பொறுப்பு ஏற்கலாம். அப்போது கையெழுத்திடும் 'ஐ-864' என்பது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு நீங்காது.

நிச்சயதார்த்த போட்டோவில் மாலை இருந்தால் சிக்கலா?

தமிழ்நாட்டு ஜோடிகள் ரொம்பவே கவனிக்க வேண்டிய இடம் இது. கே-1 விசா என்பது 'இன்னும் கல்யாணம் ஆகாதவர்களுக்கு' மட்டும். மாலை மாற்றி, நூறு பேர் அட்சதை தூவிய போட்டோவைப் பார்க்கும் அதிகாரிக்கு அது நிச்சயதார்த்தமா, கல்யாணமா என்று சந்தேகம் வரலாம். கல்யாணமே முடிந்துவிட்டது என்று அவர் முடிவு செய்தால் கே-1 நிராகரிக்கப்படும். மறுபடி முதலிலிருந்து ஐ-130 போட வேண்டியதுதான்.

'சொந்தக்காரர்கள் திருப்திக்காகக் கோயிலில் சின்னதாகத் தாலி கட்டிவிடலாம், ரிஜிஸ்டர் மட்டும் அமெரிக்காவில்' என்ற யோசனையும் ஆபத்தானது. இந்து திருமணச் சட்டப்படி, சடங்கு முடிந்தாலே திருமணம்தான். பதிவு அதற்கான சாட்சி மட்டுமே.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஊரறியக் கல்யாணம் நடந்திருக்கும், ஆனால் பதிவு செய்திருக்க மாட்டார்கள். கோயில் ரசீதோ, மண்டப பில்லோ, அழைப்பிதழோ சி.ஆர்-1 விசாவுக்குப் போதாது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். இதற்கு 90 நாள் அவகாசம் உண்டு.

15 நாள் லீவில் வந்து பதிவுத் திருமணம் செய்ய முடியுமா?

வேறு வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள் என்றால் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதன்படி இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்டு நோட்டீஸ் கொடுத்த பிறகு, ஆட்சேபனைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த 3 மாதத்துக்குள் கல்யாணத்தை முடித்தாக வேண்டும். ஆகவே 15 நாள் லீவு எடுத்து வருபவரால் ஒரே பயணத்தில் இதை முடிக்க முடியாது. நீண்ட லீவோ, இரண்டு பயணமோ தேவை.

அமெரிக்காவின் யூட்டா கவுன்டியில் வீடியோ கால் மூலமே கல்யாணம் செய்துவைக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு இருவரும் நேரில் சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அதைக் கணக்கில் எடுக்கும். அப்போதும் ஒரு பயணம் தேவைதான்.

'டூரிஸ்ட் விசாவில் போய்க் கல்யாணம் செய்து தங்கிவிட்டால் என்ன?'

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் பேர் மாட்டிக்கொள்வதும் இதில்தான். சுற்றுலா விசாவில் போய்க் காதலரைப் பார்க்கலாம், அங்கே கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம். ஆனால் திரும்பி வர வேண்டும். அங்கேயே தங்கும் எண்ணத்தை மறைத்து, 'ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன்' என்று அதிகாரியிடம் சொன்னால் அது பொய்த் தகவல். அதற்குத் தண்டனை, அமெரிக்காவுக்குள் நுழைய வாழ்நாள் தடை. விலக்கு கேட்க வழி உண்டு என்றாலும் அது நீண்ட போராட்டம். விமான நிலையத்தில் அதிகாரிகளுக்கு போனைச் சோதிக்கும் அதிகாரமும் இருக்கிறது.

அனுமதித்த நாளைத் தாண்டி 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டுகளும், ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கினால் 10 ஆண்டுகளும் மறுபடி நுழைய முடியாது. விசாவுக்காகப் போலிக் கல்யாணம் செய்தால் 5 ஆண்டு வரை சிறை, 2.5 லட்சம் டாலர் வரை அபராதம்.

ஒரே பாலின ஜோடிகளுக்கு?

அமெரிக்கா 2013 முதல் ஒரே பாலினத் தம்பதிகளின் விசா விண்ணப்பங்களையும் மற்றவர்களுடையதைப் போலவே பரிசீலிக்கிறது. இந்தியாவில் அப்படிப்பட்ட திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றமும் அதை வழங்க மறுத்துவிட்டது. எனவே இங்கே பதிவு செய்து சி.ஆர்-1 கேட்க வழியில்லை. கே-1 விசாவில் போவது, அல்லது இத்திருமணத்தை ஏற்கும் வேறொரு நாட்டில் கல்யாணம் செய்து பிறகு விண்ணப்பிப்பது என இரண்டு வழிகள்தான் மிஞ்சுகின்றன.

அவர் இங்கே வந்துவிட்டால்?

எல்லா ஜோடிகளும் அமெரிக்காவில்தான் குடியேற வேண்டும் என்றில்லை. இந்தியரைக் கல்யாணம் செய்த வெளிநாட்டவர் 'என்ட்ரி விசா' எனப்படும் எக்ஸ் விசாவில் இங்கே வந்து வாழலாம். பதிவு செய்த திருமணம் 2 ஆண்டுகள் தொடர்ந்திருந்தால் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

உறவு கசந்தால் என்ன வழி?

பேச விருப்பமில்லாத விஷயம்தான். ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 'நான் சொன்னால் உன் விசாவே போய்விடும்' என்று மிரட்டப்படுபவர்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. கொடுமைக்கு உள்ளான மனைவியோ கணவரோ, துணையின் உதவி இல்லாமல் தானே கிரீன் கார்டுக்கு மனு செய்யலாம். நிபந்தனை கார்டு வைத்திருப்பவரும் தனியாக ஐ-751 போடலாம். போகும்போது பாஸ்போர்ட், திருமணச் சான்று, விண்ணப்ப எண்கள் ஆகியவற்றின் நகலைப் பிறந்த வீட்டில் கொடுத்துவைப்பது நல்லது.

முகூர்த்தம் குறிப்பதற்கு முன்...

இந்தியர்களுக்கான குடியேற்ற விசா, கே-1 விசா நேர்காணல்கள் மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கின்றன. சென்னையில் அல்ல. பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் அலுவலகம் தரும் காவல்துறைச் சான்று, இருவரின் உறவுக்கான ஆதாரங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்துவைக்கலாம். விவாகரத்து, பழைய விசா மறுப்பு, குற்ற வழக்கு ஏதாவது இருந்தால் படிவம் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது பாதுகாப்பு.

கோவை - டெக்சாஸ் ஜோடிக்கு வருவோம். போனதும் வேலை பார்க்க வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால் இங்கே கல்யாணம், பதிவு, பிறகு சி.ஆர்-1. கல்யாணம் அங்கேதான் என்றால் கே-1. அப்படியானால், விசா கைக்கு வந்து விமானம் ஏறும்வரை இங்கே மாலையும் வேண்டாம், தாலியும் வேண்டாம்.