தோற்ற முதல்வரும் நிற்காத முதல்வரும்

அய்யனார் கோவில் ஆறு மலையிறங்கி வரும் அடிவாரத்து ஊர் ராஜபாளையம். அவ்வூர்க்காரர் ஒருவர் மூன்றாண்டுக் காலம் சென்னையை ஆண்டார் என்பது இன்று வெளியூரார் பலருக்கும் நினைவில் இல்லை. பூ. ச. குமாரசாமி ராஜா, 1949 ஏப்ரலில் பொறுப்பேற்றவர் (அந்நாளில் அப்பதவியைப் பிரதமர் என்றே வழங்கினர்), 1952 பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று தோற்றார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதி காமராஜரைத் தில்லிக்கு அனுப்பியது. ஒரே வட்டாரம், ஒரே கட்சி, இருவேறு தீர்ப்பு!

தோற்றவர் உடனே நாற்காலியை விட்டு இறங்கிவிடவில்லை. பேரவையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. அடுத்து ஆள்பவர் யாரென்று தெளியும்வரை பழைய அமைச்சரவையே நீடித்தது. இதை நாம் குறையாகக் கருதவில்லை. அரசு ஒருநாளும் ஆளின்றி இருத்தலாகாது.

வென்றவர்க்கும் காத்திருப்பு உண்டு. வாக்கு எண்ணி முடித்தவுடன் ஒருவர் அவையில் போய் அமர்ந்துவிட முடியாது. உறுதிமொழி ஏற்காமல் அமர்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் என்கிறது அரசியலமைப்பு. பேரவையின் ஐந்தாண்டுக் கணக்கும் அதன் முதற்கூட்ட நாளில்தான் தொடங்குகிறது. மேலவையின் முறை வேறு. அது கலையாத அவை. மூன்றிலொரு பங்கினர் ஈராண்டுக்கு ஒருமுறை ஓய்வுபெறுவர். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகத்தொண்டு ஆகியவற்றில் தேர்ந்தோர் என ஆளுநரே சிலரை அதில் நியமிக்கலாம்.

இராஜாஜி வந்தது இவ்வழியேதான். தேர்தலில் நில்லாத அவரை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமிக்க, 1952 ஏப்ரல் 10 அன்று அவர் முதல்வரானார். புதிய பேரவை அதுவரை ஒருமுறைகூடக் கூடியிருக்கவில்லை! பி. இராமமூர்த்தி உயர்நீதிமன்றம் சென்றார்; மனு தள்ளுபடியாயிற்று. ஜூலை 3 அன்று 200க்கு 151 என்று பேரவையின் நம்பிக்கையை இராஜாஜி பெற்றார் என்பதையும் சொல்லவேண்டும். எண்ணிக்கை சரிதான். ஆயினும் வாக்காளர் முகத்தில் விழிக்காமல் வந்த வழி நமக்கு உறுத்தவே செய்கிறது.

இரண்டாண்டு கழித்துக் காமராஜர் முன்னும் அதே கதவு திறந்திருந்தது. 1954 ஏப்ரல் 13 அன்று அவர் முதல்வரானபோது சட்டமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினரல்லர். அப்படி வருபவர் ஆறு மாதத்துக்குள் ஏதேனுமோர் அவையில் இடம்பெற வேண்டும். மேலவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார்.

அந்த மேலவை 1986 நவம்பர் 1 அன்று ஒழிந்தது. குமாரசாமி ராஜாவோ 1954இல் ஒரிசாவின் ஆளுநராகச் சென்றார். ராஜபாளையத்தில் இருந்த தம் வீட்டைக் காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்.