வீட்டுக்கு வந்த அழுத்தமானி: தமனி நலத் தற்கண்காணிப்பின் வரலாறு

தமனிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வீட்டிலிருந்தபடியே ஓரளவு நம்பகமாகத் தெரிந்துகொள்ள இன்று நமக்கு இருப்பது இரத்த அழுத்த அளவு ஒன்றுதான். தமனிச் சுவரில் படிந்த கொழுப்பை அது காட்டாது. சுவர் எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதையும் நேரடியாகச் சொல்லாது. ஆனால் சுவரைக் கெடுப்பதிலும், கெட்ட சுவரைக் காட்டிக்கொடுப்பதிலும் அழுத்தத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இந்த அளவீடு மருத்துவரின் மேசையிலிருந்து வீட்டுக்கு நகர்ந்ததற்குக் கருவியின் முன்னேற்றத்தையே காரணமாகச் சொல்வது வழக்கம். மருத்துவமனை அளவின் மீது மருத்துவர்களுக்கே எழுந்த ஐயம் அதைவிட வலுவான காரணம் என்று இக்கட்டுரை கருதுகிறது.

தமனி அழுத்தத்தை முதலில் அளந்தவர் மருத்துவர் அல்லர். இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். பெண்குதிரை ஒன்றை மல்லாக்கக் கட்டிப்போட்டு, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் எட்டடிக்கும் மேல் ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் எழுந்து தாழ்ந்தது. 1733-இல் வெளியான அவரது நூலில் இந்தச் சோதனை விவரமாக இருக்கிறது. 1828-இல் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் அந்த நெடிய குழாயின் இடத்தில் பாதரசம் நிரப்பிய குட்டைக் குழாயை வைத்தார். அழுத்தத்தை இன்றும் ‘மி.மீ. பாதரசம்’ என்று சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது.

தமனியைக் கீறாமல் அளக்க எளிய வழி தந்தவர் இத்தாலியின் ரிவா-ரோச்சி (1896). மேற்கையில் ரப்பர் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, மணிக்கட்டு நாடி மறையும் அழுத்தத்தைக் குறித்தார். 1901-இல் பவியா நகருக்கு வந்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இந்தக் கருவியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ரிவா-ரோச்சியின் பட்டை ஏறக்குறைய 5 செ.மீ. அகலமே கொண்டது, அதனால் அழுத்தத்தைக் கூட்டியே காட்டியது. அதே 1901-இல் ஜெர்மன் மருத்துவர் ஃபான் ரெக்லிங்ஹவுசன் அகலப்பட்டையால் அதைத் திருத்தினார். பிரச்சினை அத்தோடு ஒழியவில்லை. 2023-இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கையில் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது சிஸ்டாலிக் (மேல்) அளவு சராசரியாக 19.5 மி.மீ. கூடுதலாக வந்தது. கடையில் கருவி வாங்குகிறவர்களில் பட்டையின் அளவைக் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

1905-இல் ரஷ்ய மருத்துவர் நிகோலாய் கொரோட்கோவ் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் தமனியின் ஒலியைக் கேட்டார். ஒலி எழும் இடம் மேலளவு, அடங்கும் இடம் கீழளவு. சில நூறு சொற்களுக்குள் அடங்கிய அந்தச் சிறிய அறிக்கை அடுத்த முக்கால் நூற்றாண்டு மருத்துவ நடைமுறையை ஆண்டது. அது அளவீட்டை மருத்துவரின் காதோடு கட்டிப்போட்டது என்றும் சொல்லலாம்.

அளக்கும் செயலே அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது என்பதை ரிவா-ரோச்சியே கவனித்திருந்தார். 1940-இல் அமெரிக்காவில் அய்மன், கோல்ட்ஷைன் இருவரும் நோயாளிகளுக்கே அளக்கக் கற்றுக்கொடுத்து, வீட்டு அளவு மருத்துவமனை அளவைவிடக் குறைவாக வருவதைக் காட்டினர். அதை அன்று பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. 1983-இல் மிலான் நகர மருத்துவர் மான்சியாவின் குழு தமனிக்குள்ளேயே குழாய் வைத்து, இடைவிடாமல் அழுத்தத்தைப் பதிவுசெய்தது. மருத்துவர் கட்டிலருகே வந்த சில நிமிடங்களில் சிஸ்டாலிக் அழுத்தம் சராசரியாக ஏறத்தாழ 27 மி.மீ. எகிறியது. அளக்க வந்தவரே அளவைக் கெடுக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வீட்டு அளவுக்கு எதிர்காலத்தைச் சொல்லும் ஆற்றல் உண்டா என்ற கேள்விக்கு விடை ஜப்பானின் இவாத்தே மாகாணத்திலுள்ள ஓஹாசாமா என்ற கிராமப்புற ஊரிலிருந்து வந்தது. 1980-களின் பிற்பாதியில் தொஹோக்கு பல்கலைக்கழகத்தின் யுத்தாகா இமாய் குழுவினர் அங்குள்ள குடும்பங்களுக்குக் கருவிகளைக் கொடுத்து, காலையில் அளந்து குறித்துவைக்கச் சொன்னார்கள். நாற்பது வயதைக் கடந்த 1,789 பேரைச் சராசரியாக 6.6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1998-இல் முடிவை வெளியிட்டனர்: இறப்பு அபாயத்தைப் பரிசோதனை முகாமில் எடுத்த அளவைவிட வீட்டில் எடுத்த அளவே சரியாகக் காட்டியது. வீட்டு அளவுக்கு 135/85 என்ற தனி எல்லை நிலைபெற்றதில் இந்த ஊருக்குப் பெரும்பங்கு உண்டு.

இதற்குள் கருவியும் மாறியிருந்தது. இன்றைய எலக்ட்ரானிக் பி.பி. கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் இருக்கும் காற்றில் ஒவ்வொரு துடிப்பும் உண்டாக்கும் சின்ன அதிர்வை அது அளக்கிறது. அதிர்வு உச்சம் தொடும் இடம் சராசரி அழுத்தம்; மேலளவையும் கீழளவையும் அதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கிறது. அந்தக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. வெளியில் சொல்லவும் மாட்டார்கள். நாடி தாறுமாறாகத் துடித்தால் கணக்கு தடுமாறும். ஆகவே ஒவ்வொரு மாடலையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். 2018-இல் வந்த பன்னாட்டுத் தரப்படி குறைந்தது 85 பேரிடம் சோதிக்க வேண்டும். சராசரிப் பிழை 5 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. சந்தையில் உள்ள பல கருவிகள் இத்தகைய சோதனை எதற்கும் உட்படாதவை. முறையும் முக்கியம்: ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் அளந்து, முதல் நாளைக் கழித்துச் சராசரி எடுப்பதே ஏற்கப்பட்ட வழி. ஒற்றை அளவைப் பார்த்துப் பதறுவதில் பயனில்லை.

தமனிச் சுவரின் விறைப்பை அளக்கும் வழி வீட்டில் இன்னும் வேரூன்றவில்லை. விறைத்த குழாயில் துடிப்பலை வேகமாக ஓடும் என்ற சூத்திரத்தை நெதர்லாந்தின் மோன்ஸ், கோர்ட்வெக் இருவரும் 1878-இலேயே தந்துவிட்டார்கள். கழுத்துக்கும் தொடைக்கும் இடையே அலையின் வேகத்தை மருத்துவமனையில் அளக்கவும் செய்கிறார்கள். வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவலைக்குரியது. 2016-இல் பிரான்சின் விதிங்ஸ் நிறுவனம் பாதத்தின் வழியே இந்த வேகத்தைச் சொல்லும் எடைக்கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில், நிறுவனம் நோக்கியாவின் கையில் இருந்தபோது, வேறு வகை அரசு அனுமதி தேவைப்படலாம் என்று சொல்லி அந்த வசதியை நிறுத்தினார்கள். எடை போன்ற மற்ற அளவுகளை மட்டும் அது தொடர்ந்து காட்டியது.