வேடந்தாங்கல்: உழவர் பெற்ற கவுல்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு நீர் என்றால் ஓடையும் அருவியும்தான். பெய்யும் மழை சரிவில் இறங்கி, கோமுகி, மணிமுக்தா ஆறுகளின் வழியே சமவெளிக்குப் போய்விடும். எனவே எங்கள் பக்கத்து மாணவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிகளை முதன்முதலாகக் காணும்போது, "இத்தனை நீரை இங்கே யார் நிறுத்தி வைத்தார்கள்?" என்று கேட்பதுண்டு. பொருத்தமான கேள்விதான். மலைச் சரிவு இல்லாத அந்த நாட்டில் ஏரி தானாகத் தோன்றியதன்று. மக்கள் கரை கட்டி மழைநீரைத் தேக்கியதால் உண்டானது. சிற்றேரிக்குத் தொண்டை மண்டலத்தில் 'தாங்கல்' என்று பெயர். சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், மதுராந்தகத்தை அடுத்துள்ள வேடந்தாங்கலும் அத்தகைய ஒன்றே. அதன் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், நீருக்குள் நிற்கும் மரங்களின்மேல் நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன், கூழைக்கடா, வக்கா முதலியவை கூடு கட்டுகின்றன. சுற்றிலும் நீர் இருப்பதால் பூனையும் நரியும் எளிதில் நெருங்க முடியாது. ஏரி வறண்ட ஆண்டில் இந்த அரண் இல்லை. அவ்வாண்டில் கூடுகளும் அரிது.

இந்தப் பறவைகளைக் காத்தவர்கள் யார்? வனத்துறை என்று சொல்லத் தோன்றும். ஆனால் வனத்துறை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இக்கதை தொடங்கிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கு வந்து பறவைகளைச் சுட்டுத் தள்ளினர். ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, ஏரியில் எவரும் பறவைகளைச் சுடலாகாது என்ற கவுல், அதாவது எழுத்துமூலமான உறுதி, பெற்றனர். இது 1798ஆம் ஆண்டளவில் நடந்தது. கலெக்டர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரையைக் காத்து நின்ற இராமனை மழையிரவில் கண்டதாகத் தலவரலாறு கூறும் அதே பிளேஸ்தான். ஏரிகளைச் செப்பனிடுவதில் அவர் அக்கறை காட்டியவர். விளைச்சல் பெருகினால் வரியும் பெருகும் என்பதை அறிந்த அதிகாரிக்கு இம்முறையீட்டை ஏற்பதில் தயக்கம் இருந்திராது என்று எண்ணுகிறேன். 1858இல் ஊரார் இந்த உரிமையை மீண்டும் புதுப்பித்துக்கொண்டனர்.

உழவர்கள் வெறும் இரக்கத்தால் இதைச் செய்யவில்லை. எச்சம் கலந்த ஏரிநீர் பாயும் வயலில் நெல் செழித்து விளைவதை அவர்கள் கண்டிருந்தனர். பறவை எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்க, அதிலுள்ள நைட்ரஜன் பயிருக்குத் தழைச்சத்தாகிறது, பாஸ்பரஸ் மணிச்சத்தாகிறது. ஐரோப்பாவின் நிலை அப்போது என்ன? பெரு நாட்டுக் கடற்பறவைகளின் எச்சமாகிய குவானோவின் மாதிரியை ஹம்போல்ட் அங்குக் கொண்டுசென்றது 1804இல். பயிருக்கு வேண்டிய கனிமச் சத்துகளைப் பற்றி லீபிக் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டது 1840இல். வேடந்தாங்கல் உழவர்களிடம் வேதியியல் இல்லை. ஆனால் பயன் தெரிந்திருந்தது, அதற்கு அரசின் கையெழுத்தும் இருந்தது!

இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இங்கே பொருள் அழியா விதி நினைவுக்கு வருகிறது. பறவை நைட்ரஜனை உண்டாக்குவதில்லை, வேறிடத்திலிருந்து கொண்டுவருகிறது. நத்தைக்குத்தி நாரை வயல்களில் நத்தை பொறுக்கும். நீர்க்காகம் அக்கம்பக்கத்து ஏரிகளில் மீன் பிடிக்கும். பல ஊர்களில் தின்ற இரையின் எச்சம் ஓர் ஏரியில் வந்து விழுகிறது. அப்படியானால் பறவைகளின் காப்பிடம் 30 ஹெக்டேர் நீர்ப்பரப்போடு முடிந்துவிடுமா?

வேடந்தாங்கல் 1936இல் பறவைக் காப்பிடமாக ஏற்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1998இல், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அந்த ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தபோது பலத்த எதிர்ப்பும் எழுந்தது. ஐந்திலிருந்து மூன்று என்றால் சிறிய மாற்றம் போலத் தோன்றும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சுமார் 78.5 சதுர கிலோமீட்டர். 3 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சுமார் 28.3 மட்டுமே. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியே போய்விடும்! ஏரியில் ஒரு சொட்டு நீரும் குறையாது; பறவைகள் இரை தேடும் வயல்களும் சிற்றேரிகளும்தான் காப்பை இழக்கும். பிற்காலத்தில் எச்சத்துக்குப் பதில் மூட்டை உரம் வந்துவிட்டது என்று சிலர் வாதிடக்கூடும். உரம் வந்துவிட்டதுதான், ஆனால் நத்தையும் மீனும் மூட்டையில் வருவதில்லை.

2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான இப்பட்டியல், 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையால் உருவானது.

அங்குச் செல்ல விரும்புவோர் டிசம்பர், ஜனவரி மாதங்களில் செல்லலாம். கைதட்டிப் பறவைகளைக் கிளப்பிவிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். தாய் எழுந்து போனால் முட்டைகள் வெயிலில் கிடக்கும், காகமும் காத்திருக்கும். மாலை 5 மணிக்கு மேல் கரையில் அமர்ந்து, எத்திசையிலிருந்து எத்தனை பறவைகள் திரும்புகின்றன என்று கால் மணிக்கு ஒரு முறை குறித்து வாருங்கள். ஒரு திசைகாட்டியும் நோட்டுப் புத்தகமும் போதும். அவை அன்று எந்த ஊர் வயல்களில் இரை தேடின என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.