நோட்டுஸ்வரமும் கிதாரின் முதற்பாடமும்
வடகரப்பதியிலாயினும் சென்னையிலாயினும், கிதார் கற்கத் தொடங்குபவருக்கு முதலில் கிடைப்பவை பெரும்பாலும் மேஜர் அளவில் அமைந்த ஆங்கிலச் சிறு மெட்டுகளே. அவற்றுக்கும் நம் இசை மரபுக்கும் உறவில்லை என்னும் கருத்து வரலாற்றுக்குப் பொருந்தாது.

முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் பாண்டு இசை அவர்களுக்கு அறிமுகமாயிற்று என்பர். இளவல் பாலுசுவாமி ஐரோப்பிய வயலினைக் கற்றார். தமையன் அயல் மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். அவையே நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்றாயிற்று.

புரந்தரதாசர் வகுத்தனவாகக் கூறப்படும் தொடக்கப் பாடங்கள் மாயாமாளவகௌளையில் அமைந்தவை. நோட்டுஸ்வரங்களோ சங்கராபரணத்தின் சுரங்களில், அதாவது மேற்கத்திய மேஜர் அளவில், கமகமின்றி நடப்பவை. கிதாரில் கமகம் எழுப்பக் கம்பியை இழுத்து வளைத்தோ வழுக்கியோ வாசிக்கவேண்டும். பழகாத விரலுக்கு அது அரிது. நோட்டுஸ்வரத்துக்கு உரிய ஃபிரெட்டில் விரலை அழுத்தி, தாளம் பிசகாமல் மீட்டினாலே போதும்.

கமலாம்பா நவாவரணத்தை இயற்றியவரே இச்சிறு பாடல்களையும் இயற்றினார். எனவே எளிமையைப் புலமைக் குறைவாகக் கொள்ள இயலாது. கர்நாடக இசை வகுப்புகளில் சிறுவர்க்குக் கற்பிக்கப்படும் இவை, கிதார் வகுப்பிலும் முதற்பாடமாகும் தகுதியுடையவை.