ஸ்டாலினிடம் விடைபெற்ற விஞ்ஞானப் புனைகதையாளர்

மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழில் வெளியிட்ட மலிவுவிலை நூல்களின் வழியாகவே எமது தலைமுறையினர் பலர் ரஷ்ய இலக்கியத்தை அறிந்துகொண்டனர். தோல்ஸ்தோய், செக்கோவ், கோர்க்கி ஆகியோர் எமக்கு அறிமுகமானது அவ்வாறுதான். அந்த வரிசையில் இடம்பெற வாய்ப்பே இல்லாதிருந்தவர் யெவ்கெனி சமியாத்தின். அவரது புகழ்பெற்ற விஞ்ஞான நாவல் சொந்த நாட்டில் 1988ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. அப்போது அவர் மறைந்து 51 ஆண்டுகள் கடந்திருந்தன.

1884இல் லெபெதியான் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். தந்தை மதகுரு, தாய் இசை அறிந்தவர். வரோனிஷ் நகரப் பாடசாலையில் பெற்ற தங்கப்பதக்கத்தை பீற்றர்ஸ்பேர்க்கில் மாணவராக இருந்தபோது 25 ரூபிளுக்கு அடகு வைத்தார். அதனை அவர் மீட்கவேயில்லை. அங்கு கப்பற் பொறியியல் கற்ற காலத்தில் போல்ஷெவிக் கட்சியில் சேர்ந்தார். 1905இன் இறுதியில் கைதாகித் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1922இல், புதிய ஆட்சியின் கீழ் மீண்டும் கைதானபோது, அதே சிறைக்கே கொண்டுசெல்லப்பட்டார். சாரை எதிர்த்தவனுக்கும் சாரை வீழ்த்தியோரை விமர்சித்தவனுக்கும் ஒரே சிறைதான் வாய்த்தது!

1916இல் பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். நியூகாசிலில் தங்கியிருந்து அவர் மேற்பார்வையிட்ட கப்பல்களுள் ஒன்று பின்னாளில் 'லெனின்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆங்கிலேயரின் ஒழுங்குமுறை வாழ்வை நையாண்டி செய்து 'தீவுவாசிகள்' என்னும் குறுநாவலையும் எழுதினார். அதில் வரும் பாதிரியார் மனிதரின் மீட்சியைக்கூட அட்டவணையிட்டுக் கட்டாயமாக்க விரும்புபவர். இதனை இங்கு வலியுறுத்தக் காரணம் உண்டு. சமியாத்தினின் பெருநாவலைச் சோவியத் எதிர்ப்பு நூல் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவோர் பலர். அட்டவணைக்குள் மனிதனை அடைக்கும் மனப்பான்மையை அவர் முதலில் எழுத்தில் வடித்தது லண்டன் ஆட்சியின் கீழிருந்த நாட்டைப் பார்த்தே.

1917 செப்டெம்பரில் நாடு திரும்பிய அவர், 1920-21இல் அந்த நாவலை எழுதினார். ரஷ்யத் தலைப்பு 'மீ' என்னும் ஒரே சொல். தமிழில் அதை 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா? ரஷ்ய மொழியில் இந்த வேறுபாடு இல்லை. எமது மொழியில் உண்டு. கதைசொல்லியான டி-503 வேற்றுக்கிரகவாசிகளை நோக்கி எழுதுகிறான். ஆகவே அவன் வாயில் 'நாங்கள்' என்பதே பொருந்தும். ஆனால் அவன் கட்டும் விண்கலமோ அந்தக் கிரகவாசிகளையும் ஒரே அரசின் நுகத்தின் கீழ் கொண்டுவரப் புறப்படுவது. எவரையும் வெளியே விடாத அந்த அரசுக்கு 'நாம்' என்பதே உகந்தது. நான் 'நாம்' என்றே குறிப்பிடுகிறேன்.

அந்நாட்டில் மனிதருக்குப் பெயரில்லை, எண் மட்டுமே. வீடுகள் கண்ணாடியாலானவை. திரையை இறக்கவும் அனுமதிச்சீட்டு வேண்டும். கற்பனை ஒரு நோயெனத் தீர்மானிக்கப்பட்டு, மூளையிலிருந்து அதனை அகற்றும் சிகிச்சை கட்டாயமாக்கப்படுகிறது. ஐ-330 என்ற பெண், கணிதவியலாளனான டி-503ஐக் கணிதத்தாலேயே மடக்குகிறாள். எண்களுள் கடைசி எண் இல்லாதபோது புரட்சிகளுள் மட்டும் கடைசிப் புரட்சி ஏது என்பது அவளது வாதம். தமது புரட்சியே இறுதியானது என்று நம்பியவர்களால் இந்தக் கேள்வியைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாவலுக்கு அச்சிட அனுமதி மறுக்கப்பட்டது. 1924இல் நியூயோர்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1927இல் பிராகில் வெளியான ரஷ்யப் புலம்பெயர்ந்தோர் சஞ்சிகை ஒன்று அதன் பகுதிகளை, செக் மொழியிலிருந்து திருப்பப்பட்டவை போன்ற தோற்றத்துடன் பிரசுரித்தது. ஆசிரியரின் சம்மதம் பெறப்படவில்லை. ஆயினும் 1929இல் அதுவே அவர்மீதான குற்றச்சாட்டாயிற்று. அவரோடு சேர்த்துத் தாக்கப்பட்ட இன்னோர் எழுத்தாளர் போரிஸ் பில்னியாக். எழுத்தாளர் சங்கத்திலிருந்து விலகிய சமியாத்தினுக்குப் பதிப்பகங்களும் அரங்குகளும் மூடப்பட்டன. தணிக்கைக் காலங்களில் பத்திரிகையில் பணியாற்றியவர்களுக்கு, பேனாவைப் பறிக்காமலே ஒருவரை எழுதவிடாது செய்வது எத்தனை எளிது என்பது தெரியும்.

1931 ஜூனில் அவர் ஸ்டாலினுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். அதில் மன்னிப்புக் கோரவில்லை. எழுத இயலாத நிலை தமக்கு மரண தண்டனைக்கு ஒப்பானது என்றார். மனைவியுடன் தற்காலிகமாகவேனும் வெளியேற அனுமதி கேட்டார். அற்ப மனிதர்களுக்குப் பணியாமலே பெரிய கருத்துகளுக்கு இலக்கியத்தில் தொண்டு செய்யக்கூடிய நிலை வரும்போது திரும்பி வரும் உரிமையையும் கேட்டார். கோர்க்கி இடைநின்று உதவ, அனுமதி கிடைத்தது. அக்காலத்தில் இது வியப்புக்குரியது. பில்னியாக் நாட்டிலேயே தங்கினார். 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பாரிஸில் சமியாத்தின் வறுமையில் வாழ்ந்தார். சோவியத் கடவுச்சீட்டைக் கைவிடவுமில்லை, புலம்பெயர்ந்தோர் அரசியலில் கலக்கவுமில்லை. இதனால் இரு தரப்புக்கும் அவர் அந்நியரானார். 1934இல் புதிய சோவியத் எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்க்கப்பட்டார் என்பது பலர் அறியாத செய்தி. கோர்க்கியின் நாடகத்தைத் தழுவி ஜோன் ரெனுவார் இயக்கிய 1936ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் திரைக்கதையில் பங்கேற்றார். அட்டிலாவைப் பற்றிய பெரிய நாவல் முற்றுப்பெறவில்லை. 1937 மார்ச் 10ஆம் திகதி மாரடைப்பால் காலமானார். அடக்கத்துக்கு வெகு சிலரே வந்திருந்தனர்.

ஜோர்ஜ் ஓர்வெல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் 'நாம்' நாவலை வாசித்து, 1946 ஜனவரியில் அதற்கு மதிப்புரை எழுதினார். அவருடைய '1984' நாவல் 1949இல் வெளிவந்தது. அதன் காதலையும் கலகத்தையும் இறுதித் தோல்வியையும் சமியாத்தினுடன் ஒப்பிட்டு வாசிப்போருக்குக் கடன் எவ்வளவு என்பது விளங்கும். ரஷ்ய மூலம் முழுமையாக முதன்முதலில் அச்சானது 1952இல், அதுவும் நியூயோர்க்கில். மொஸ்கோ சஞ்சிகை ஒன்று 1988இல் அதனை வெளியிட்டபோது நாவல் நாடு திரும்பியது. நாவலாசிரியர் பாரிஸ் புறநகரான தியேயின் மயானத்திலேயே இருக்கிறார்.