சிஎச்50 சோதனை

இரத்தத்தின் காம்ப்ளிமென்ட் புரதத் தொடர் முழுமையாக இயங்குகிறதா எனக் காட்டும் ஆய்வகச் சோதனை. எதிர்ப்பொருள் பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களோடு நோயாளியின் சீரத்தைப் பல நீர்ப்புகளில் சேர்ப்பார்கள். பாதி அணுக்களைச் சிதைக்கும் நீர்ப்பே விடை. தொடரின் சி1 முதல் சி8 வரையிலான புரதங்களில் ஏதேனும் ஒன்று அடியோடு இல்லாவிட்டால் மதிப்பு பூஜ்யத்தை ஒட்டி விழும்.

தனித்தனிப் புரதங்களின் அளவைப் பார்த்தால், தீவிர லூபஸ் நோயில் சி3, சி4 இரண்டுமே பெரும்பாலும் குறையும். பரம்பரை ஆஞ்சியோஎடிமாவில் சி4 மட்டும். ஆனால் அழற்சியின்போது கல்லீரல் சி3-ஐக் கூடுதலாகச் சுரப்பதால், தொடரின் கிளர்வில் செலவானது வரவில் மறைந்துவிடும். எனவே கிளர்வை நேரடியாகக் காட்டும் சி3ஏ துண்டையும் சி5பி-9 கூட்டையும் அளக்கிறார்கள். தொல்லை என்னவென்றால், எடுத்த இரத்தத்தில் தொடர் குழாயிலேயே கிளர்ந்துவிடும். அதனால் இந்த இரு அளவீடுகளுக்கும் உறைவுதடுப்பியான இடிடிஏ உள்ள குழாயும் பனிக்கட்டியும் வேண்டும். சிஎச்50-க்கோ இடிடிஏ ஆகாது, அது தொடரையே நிறுத்திவிடும்.