லண்டனில் வழி காட்டியவர்கள்

முன்பின் அறியாத மாநகரத்தில் வந்திறங்கும் அந்நியனுக்கு, அவ்வூரின் அரண்மனைகளையும் ஆலயங்களையும் காண்பதற்கு முன்னால் வேண்டியது, வழி சொல்ல ஒரு மனிதன். அம்மனிதன் நம்பத் தக்கவனாகவும் இருக்க வேண்டும். லண்டன் நகரத்தின் சரித்திரத்தில் மன்னர்களுக்கும் மந்திரிகளுக்கும் கிடைத்த இடம், வந்தவர்களைச் சேர வேண்டிய வாசலில் சேர்ப்பித்த ஏழை ஜனங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும், ஊராரின் துணையை அந்நியன் அச்சமின்றி நாடும்படி செய்வதற்கு அந்நகரம் மேற்கொண்ட பிரயாசை, 200 வருஷங்களுக்கும் மேலாக நீண்டதொரு கதையாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் லண்டன் வீடுகளுக்குப் பெரும்பாலும் இலக்கம் கிடையாது. சிங்கம், மணி, பன்றி என்று சித்திரம் தீட்டிய பெரும் பலகைகளைக் கடைக்காரர்கள் தெருவின் குறுக்கே நீட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இன்ன தெருவில் இன்ன பலகைக்கு எதிர்வீடு என்பதே கடிதத்தின் மேல்விலாசம். 1718இல் அத்தகைய பலகையொன்று தன் பாரத்தினால் சுவரையும் இழுத்துக்கொண்டு விழுந்து நான்கு பேரைப் பலிகொண்டது. அப்படியிருந்தும் அவற்றை அகற்றும் சட்டம் 1762இல்தான் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்கு வந்தது. வீட்டு இலக்கங்கள் அதன்பின்னரே பரவின. ஜான் ராக் என்பவர் 1746இல் 24 தாள்களில் நகரத்தின் படத்தை வெளியிட்டார் என்றாலும், விரித்தால் ஒரு சுவரையே அடைத்துவிடும் அப்படத்தைக் கையில் ஏந்தி நடப்பது யாருக்குச் சாத்தியம்? பகலில் எதிர்ப்பட்டவரைக் கேட்டுத்தான் போக வேண்டும். இரவில் கேட்கவும் ஆள் இராது.

அவ்விரவுகளில் பிழைப்பைத் தேடிக்கொண்டவர்களே தீவட்டிச் சிறுவர்கள். நிலவில்லாத மாரிக்கால இரவுகளிலும் நள்ளிரவோடு அணைந்துவிடும் சொற்ப விளக்குகளை நம்பி நடக்க முடியாத வீதிகளில், நாடகசாலை வாசல்களிலும் மதுக்கடை வாசல்களிலும், கீலில் தோய்த்த சணல் தீவட்டியை ஏந்திக் காத்திருந்த அவ்வேழைப் பிள்ளைகள், பென்னியில் கால் பங்கான ஃபார்திங் நாணயத்துக்குக் கனவான்களை வீடு வரை கொண்டுபோய் விட்டார்கள். சந்து பொந்துகளும் சாக்கடைகளும் அவர்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. வீடு வந்ததும் தீவட்டியைத் தலைகீழாகச் செருகி அணைப்பதற்காக, பெரிய வீடுகளின் வாசற்கம்பிகளில் ஊதுகொம்பின் உருவத்தில் இரும்புக் குழல்களைப் பொருத்தியிருந்தார்கள். பெர்க்லி சதுக்கத்தில் அவற்றை இன்றும் காணலாம்.

ஆனால் வழி தெரிந்தவன் வழிதவறச் செய்யவும் வல்லவன். ஜான் கே என்னும் கவி, லண்டன் வீதிகளில் நடக்கும் கலையைப் பற்றி 1716இல் இயற்றிய ‘டிரிவியா’ என்னும் நெடும்பாட்டில், தனித்த சுவரோரங்களில் தீவட்டிக்காரனை நம்பலாகாதென்றும், அவன் நட்டநடு வழியில் தீயை அணைத்துவிட்டுத் திருடரோடு பங்குபோட்டுக் கொள்வானென்றும் வாசகரை எச்சரிக்கிறார். ஃபிரடெரிக் வின்ஸர் என்னும் ஜெர்மானியர் 1807இல் பால் மால் வீதியில் எரிவாயு விளக்குகளை ஏற்றிக் காட்டிய பின்னர், அச்சிறுவர்களின் தொழில் படிப்படியாக க்ஷீணித்து மறைந்தது.

ஒளி வந்தது, வஞ்சனைக்கு மட்டும் வேறு பரிகாரம் வேண்டியிருந்தது. அதன் வித்து முன்னமேயே ஊன்றப்பட்டிருந்தது. 1634இல் பெய்லி என்னும் கப்பல் தலைவர், ஸ்ட்ராண்ட் வீதியில் நான்கு வாடகை வண்டிகளை நிறுத்தி, வண்டிக்காரர்களுக்குச் சீருடை அணிவித்து, எவ்விடத்துக்கு எவ்வளவு கூலி என்பதையும் வகுத்துக் கொடுத்தார். 1662இல் அரசாங்கம் 400 வண்டிகளுக்கு உரிமம் வழங்கியது. 1843ஆம் வருஷத்துச் சட்டம் ஒவ்வொரு வண்டிக்காரனும் இலக்கமிட்ட பட்டயத்தை அணிந்திருக்க வேண்டுமென்று விதித்தது; ஏமாற்றுகிறவனை இனி இலக்கத்தைச் சொல்லிப் பிடித்துவிடலாம்.

வண்டிக்காரனுக்கே வழி தெரியாவிட்டால் என்ன செய்வது? 1801இல் பத்து லட்சத்தை எட்டிக்கொண்டிருந்த ஜனத்தொகை அரை நூற்றாண்டில் இருமடங்குக்கு மேலாகப் பெருகிவிட்டது. 1851இல் ஹைட் பார்க்கில் நடந்த மகா பொருட்காட்சிக்கு வந்தவர்கள் வண்டிக்காரர்களின் அறியாமையைப் பற்றி முறையிட்டார்கள் என்று சொல்வதுண்டு. 1865இல் ஏற்பட்டது ‘நாலெட்ஜ்’ என்னும் பரீட்சை. சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் அடங்கிய ஏறத்தாழ 25,000 தெருக்களையும் மனப்பாடம் செய்வதென்றால் மூன்று நான்கு வருஷங்கள் பிடிக்கும். இன்றும் அதற்குப் படிப்பவர்கள், சிறிய மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் வழிக்குறிப்பைப் பொருத்திக்கொண்டு மழையிலும் பனியிலும் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள். மாலையில் இருவர் எதிரெதிரே அமர்ந்து, இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு என்று, வேதபாடசாலை மாணாக்கர்கள் சந்தை சொல்வதுபோல் ஒப்பிக்கிறார்கள். பரீட்சை அதிகாரி இரண்டு இடங்களைச் சொன்னால், அவற்றுக்கு இடைப்பட்ட தெருக்களையெல்லாம் வரிசை பிறழாமல் வாயால் சொல்ல வேண்டும். இவர்களது மூளையில், இடங்களின் ஞாபகத்தைத் தாங்கும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைக் காட்டிலும் பெரிதாயிருக்கிறதென்று 2000இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது.

விளக்கு, இலக்கம், படம் ஆகிய யாவும் வந்த பின்னரும் லண்டன் நகரம் மனிதனை விலக்கிவிடவில்லை. அவனுக்குக் கூலியை வரையறுத்து, பட்டயம் அணிவித்து, பரீட்சையும் வைத்து, அந்நியன் நம்பத் தக்கவனாக ஆக்கியது. நம் ஊர் ரயிலடியில் பெட்டியோடு இறங்கித் திகைத்து நிற்கும் வெளியூராரை நினைக்கும்போது, நம் நகராட்சிகள் முதலாவதாகப் பின்பற்ற வேண்டிய பாடம் இதுவே என்பது என் துணிபு.